பீரோவில் தூங்கும் துணிகள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். பேசியபடியே தந்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிறகு தண்ணீர் மீட்டர் பற்றிய விவாதம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே முன்னுரை இல்லாமல் தொடங்குகிறேன்.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்குப் பழக்கமான ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாடிக்கையாளர் வரவோ செலவோ எதுவும் செய்யாமல் 2 ஆண்டுக்கு மேல் கிடக்கும் சேமிப்புக் கணக்கை நாங்கள் செயல்படாத கணக்கு என்று தனியே பிரித்து வைப்போம். அதுவே 10 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால், பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். கேட்காதவரை அது வங்கியில் இருந்தும் இல்லாத பணம்.

இன்று இரவு உங்கள் பீரோவைத் திறந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 ஆண்டாக உடம்பில் ஏறாத துணி எத்தனை? 10 ஆண்டு ஆனது எத்தனை? என் வீட்டில் நானும் என் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில் மேல் எல்லாவற்றையும் கொட்டி ஸ்டாக் எடுத்தோம். புடவை 61. அதில் 2 ஆண்டுக்குள் கட்டியது 19. என் சட்டைகள் 34. நான் மாற்றி மாற்றிப் போடுவது 7. ரவிக்கைத் துண்டு 43. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது ஒரு தனிக் கதை.

நான் இன்று பேச வந்தது கிழிந்த துணியைப் பற்றி அல்ல. கிழிந்தது தரை துடைக்கப் போகட்டும். நல்ல நிலையில் இருந்தும் யாரும் உடுத்தாத துணியைப் பிரித்து, வெட்டி, வேறு உடுப்பாகத் தைத்துக்கொள்வது பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதைச் சொல்ல இவருக்கு என்ன தகுதி, பி.காம். படித்துவிட்டு கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்தானே என்று சிலர் நினைக்கலாம். கும்பகோணத்தில் என் அப்பா டெய்லர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காஜா எடுப்பது என் வேலை. கல்லூரியில் சேர்வதற்குள் சட்டை தைக்கக் கற்றுக்கொண்டேன். வங்கி வேலை கிடைத்ததும் அப்பா சந்தோஷப்பட்டார், கூடவே மெஷினில் உட்கார ஆள் குறைந்ததே என்று வருத்தமும் பட்டார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கால் மெஷினை எண்ணெய் போட்டு மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆண்பிள்ளை மெஷினில் உட்கார்ந்திருப்பதை எங்கள் பிளாக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ஊரில் எத்தனை டெய்லர்கள் ஆண்பிள்ளைகள் என்று நான் அவர்களிடம் கேட்பதுண்டு.

அப்பாவின் கடையில் புதுத் துணி தைக்க வருகிறவர்கள் தீபாவளி, பொங்கலுக்குத்தான் கூட்டமாக வருவார்கள். மற்ற மாதங்களில் கடையை நடத்தியது பழைய துணிதான். காலர் நைந்துபோன சட்டையைக் கொண்டு வருவார்கள். காலரை மட்டும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்துத் தைத்தால் சட்டை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அண்ணன் பேண்ட் தம்பிக்கு டிரவுசராகும். பாவாடை தைக்கும்போதே உள்ளே இரண்டு அங்குலம் மடித்து டக் பிடித்துவிடுவார், பெண் வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் யாரும் சிக்கனம் என்றுகூடச் சொன்னதில்லை. துணி என்றால் அப்படித்தான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போட்டு காந்தா என்ற போர்வை செய்வார்கள். தைக்கும் நூலையும் அந்தப் புடவையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் மாதம் முதல் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். 1943இல் அரசாங்கமே ஒரு சிறு புத்தகம் போட்டு, இருக்கும் துணியைப் பிரித்துத் தைத்துக்கொள்வது எப்படி என்று குடிமக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. போர் முடிந்தும் 1949 வரை அந்த ரேஷன் போகவில்லை. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது பாட்டியின் பழைய பருத்திப் புடவைதான். தூளி கட்டுவதும் அதில்தான். பல நூறு முறை துவைத்த துணிக்கு இருக்கும் மென்மை கடைத் துணிக்கு வராது என்பதால் அந்த ஏற்பாடு.

சரி, வேலைக்கு வருவோம்.

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துணியை ஏன் உடுத்துவதில்லை? பட்டுப் புடவை விஷயத்தில் பாதி நேரம் பதில், ரவிக்கை பிடிக்கவில்லை என்பதுதான். புடவையில் குறை இல்லை. 1995இல் தைத்த ரவிக்கை 2015இல் ஏறவில்லை, அத்தோடு புடவையும் உள்ளே போய்விட்டது. அந்த ரவிக்கையின் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். பழைய டெய்லர் தைத்ததாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார். பிரித்துத் தைத்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடிவிடும். உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டியிருந்தால் அக்குளிலிருந்து இடுப்புவரை அதே நிறத்தில் ஒரு பட்டைத் துண்டு கொடுக்கலாம். கை மடித்துத்தான் இருக்கும், வெளியே தெரியாது. ஒரு மணி நேர வேலை. 42 புடவையில் 8 புடவையை இப்படியே என் மனைவி மீட்டுவிட்டாள். வெட்டவே தேவையில்லாமல் போனது.

அடுத்து, துணிக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். நைந்த இடம் வெளிச்சத்தை அதிகமாக விடும். பிறகு இரண்டு கட்டை விரலுக்கும் நடுவே பிடித்து நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை இழுங்கள். பாவு நன்றாக இருந்து ஊடை போயிருக்கும், அல்லது மாறி இருக்கும். பட்டுக்கு முக்கியமான இடம் மடிப்பு. ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்த பட்டு அந்தக் கோட்டோடு வெடிக்கும். அந்துருண்டை ஜரிகையோடு உரசிக்கொண்டு கிடந்திருந்தால் ஜரிகை கறுத்திருக்கும். இழுக்கும்போது சரசரவென்று விட்டுப்போனால் அந்தப் பட்டை உடுப்பாகத் தைக்காதீர்கள். கூலி கொடுத்துத் தைத்து, முதல் நாள் உட்காரும்போதே முழங்கால் பக்கம் கிழியும். அதில் நல்ல இடமாகப் பார்த்துக் கரையையும் முந்தானையையும் வெட்டி, புதுப் பருத்தித் துணியின் மேல் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரம் புடவையில் இன்னொன்று கவனிக்க வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை போட்டு நெய்தது. உடலையும் கரையையும் தறியிலேயே கோர்த்திருப்பார்கள். முந்தானையை இணைத்த இடத்தைப் பேட்னி என்பார்கள். வெட்டும்போது அந்த இணைப்புக்கு மிக அருகில் கத்தரி போடாதீர்கள். இழை தளர்ந்து நழுவ ஆரம்பிக்கும்.

என்ன துணி என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நாலு இழை உருவித் தட்டில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு, தலைமயிர் பொசுங்குகிற வாடை வரும், மிஞ்சுவது விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி முத்தாக உறையும். கடையில் பட்டு என்று கொடுத்தது முத்தாக உறைவதைப் பார்த்து என் பிளாக்கில் ஒரு வீட்டில் சின்ன சண்டையே வந்தது. நான் அதற்குப் பொறுப்பில்லை.

சாயம் போகிறதா என்பதையும் தைப்பதற்கு முன்பே பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்தினால் தெரிந்துவிடும். அரக்கும் மயில் கழுத்தும் லேசில் நம்பக் கூடாத நிறங்கள்.

பிரிக்கும்போது அவசரப்பட்டு இழுக்காதீர்கள். தையலின் ஒரு பக்கத்தில் நாலு பொத்தலுக்கு ஒரு தரம் நூலை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாகக் கழன்று வந்துவிடும். துணிக்குக் காயம் இல்லை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். புடவையில் தைத்த ஃபால்ஸையும் தூக்கிப் போடாதீர்கள், இடுப்புப் பட்டிக்கு உள்ளே வைக்க அது நன்றாக இருக்கும்.

இப்போது கணக்கு. புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் சுமார் 45 அங்குலம். சின்னப் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறீர்கள் என்று வையுங்கள். கரை கீழே வரவேண்டும். ஆகவே புடவையின் நீளம் பாவாடையின் சுற்றாகிறது, புடவையின் அகலம் பாவாடையின் உயரமாகிறது. ஐந்து வயதுப் பெண்ணுக்கு, மடிப்பெல்லாம் சேர்த்து 24 அங்குலம் உயரம் போதும். 45இல் 24 போக மிச்சம் 21. அந்த 21 அங்குலத்திலும் எதிர்ப்பக்கத்துக் கரை இருக்கிறது. அதில் இன்னும் சின்னக் குழந்தைக்கு ஒரு பாவாடை. சுற்றுக்கு இரண்டரை மீட்டர் எடுத்தால், இரண்டு பக்கமும் கரையுள்ள ஒரு புடவையில் நாலு பாவாடை வரும். சட்டைக்கு முந்தானை. பெரியவர்களுக்கு என்றால் நீளப் பாவாடை ஒன்றுக்கு மூன்று மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடிதாருக்கு மேலுக்கு இரண்டரை மீட்டர், கீழுக்கு இரண்டரை மீட்டர். ஒரே புடவையில் அரை மீட்டர் மிஞ்சும். துப்பட்டாவை இன்னொரு மெல்லிய புடவையிலிருந்து இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொள்ளலாம். கால் சட்டை வெட்டும்போது மட்டும் புடவையின் நீளம் காலின் நீளமாக வரட்டும். உட்கார்ந்து எழுகிற இடத்தில் பாவு இழை தாங்கும்.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அப்பா என்னைச் சும்மா விடமாட்டார். ஒவ்வொரு உடுப்புக்கும் புது ஊசி போடுங்கள். விலை என்ன பெரிய விலை? பட்டுக்கு 11, பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. மழுங்கிய ஊசி பட்டில் இழையை இழுத்துவிடும், அந்தக் கோடு பிறகு போகாது. பழைய பட்டுக்கு ஓரத்தில் முக்கால் அங்குலமாவது விட்டுத் தையுங்கள். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து, இழுபடும் வேலையை லைனிங் செய்யும்படி வையுங்கள். இஸ்திரி போடும்போது மேலே ஒரு மெல்லிய வேட்டித் துண்டு இருக்கட்டும்.

சட்டைகளில் பெரிய விசேஷம் இல்லை. முதுகுத் துண்டுதான் பெரியது. பட்டன் பட்டியை அப்படியே வைத்துக்கொண்டு 16 அங்குலக் குஷன் உறை தைத்தால் ஸிப் வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஃபிராக் தைத்தால் சட்டையின் பட்டன் முதுகுப் பக்கம் வந்துவிடும். ஜீன்ஸ் பைக்கு ஆகும். 1970களின் நைலக்ஸ் புடவை யாரிடமாவது இருந்தால், அது உங்களுக்கும் எனக்கும் பிறகும் இருக்கும். ஸ்கூட்டருக்கு உறை தைத்துவிடுங்கள்.

ரவிக்கைத் துண்டு. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் வெற்றிலை பாக்கோடு வருகிறதே, அது. இந்தக் குடியிருப்பில் சில துண்டுகள் 2 பிளாக், 4 மாடி சுற்றிவிட்டு உரிய வீட்டுக்கே திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். பாதி 80 சென்டிமீட்டர்கூட இருக்காது. டூ பை டூ துணியாக இருந்தால் யோக், கை, குழந்தைச் சட்டை எல்லாவற்றுக்கும் ஆகும். மற்றதைக் காய்கறிப் பையாகத் தைத்துவிடலாம். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பை இயக்கத்தையே ஆரம்பித்தது. நாம் இன்னும் காய்கறிக் கடையில் கைவிரித்து நிற்கிறோம். என் வீட்டு 43 துண்டில் 26 பையாகிவிட்டது. அடுத்த கொலுவுக்கு என் மனைவி ரவிக்கைத் துண்டுக்குப் பதில் அந்தப் பையைக் கொடுக்கப் போகிறாள். திருப்பிச் சுற்றுக்கு விடாமல் பயன்படுத்துங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். "8,000 ரூபாய் புடவை சார், அதில் கத்தரி வைக்க எப்படி மனசு வரும்?" என்று கேட்கிறார்கள். அந்த 8,000 வாங்கின அன்றே போய்விட்டது. வணிகவியலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள், போன செலவை வைத்து இன்றைய முடிவை எடுக்கக் கூடாது. பழைய பட்டு வாங்குகிறவரிடம் போனால் ஜரிகைக்கு மட்டும்தான் ஏதோ தருவார். பாத்திரக்காரரிடம் போட்டால் நாலு புடவைக்கு ஓர் எவர்சில்வர் டப்பா. ஆகவே பீரோவுக்குள் அதன் மதிப்பு அந்த டப்பாவின் மதிப்புதான். வெட்டினால் உங்கள் பேத்தி போடுவாள்.

ஆனால் கூறைப்புடவை என்று வரும்போது கணக்கு பேசாது. அதை நான் மதிக்கிறேன். என் அம்மாவின் ஒன்பது கஜம் அரக்குக் கூறை அம்மா போன பிறகு அக்காவிடம் இருந்தது. நாங்கள் நாலு பேர், பேத்திகள் ஐந்து பேர். பாவாடை தைத்துக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது அக்கா என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. "அம்மாவை வெட்டுற மாதிரி இருக்குடா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆடியில் வெயிலில் காய வைக்க எடுத்தபோது மடிப்பில் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. அன்றைக்கு அக்காவே போன் பண்ணி, "வந்து எடுத்துண்டு போ, முந்தானையை மட்டும் எனக்கு விட்டுடு" என்றாள். மூன்று பாவாடைதான் வந்தது. மற்ற இரண்டு பெண்களுக்குக் கரையை வைத்துச் சட்டை. முந்தானை இப்போது அக்கா வீட்டு சுவாமி அலமாரியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறையாவது நீங்கள் எடுத்துப் பார்க்கும் துணி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது எடுத்தே பார்க்காத துணிகளை.

இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் உண்மையில் நேரம் கேட்டேன்.

போன கூட்டத்தில், வீடுகளில் சேரும் பழைய துணிக்கு கேட் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துவிடலாம், யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவ மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து, அள்ளுவதே பெரிய வேலையாகிவிட்டது. வீட்டையும் உறவையும் இழந்தவர்கள், நாம் வேண்டாம் என்று கழித்ததைப் பொறுக்க வருவார்கள் என்று நினைத்து அனுப்பியிருந்தோம். அதே சமயத்தில் ஆரோவில்லில், தையல் கூடங்களில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகளைக் கொண்டு மீனவப் பெண்களுக்குச் சின்னப் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். சுனாமிகா என்று பெயர். துண்டுத் துணிதான் இரண்டும். கொடுத்த விதம் வேறு.

நம் வளாகத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யார் என்று தேட வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். இங்கே வீட்டு வேலைக்கு வரும் ஓர் அம்மாவின் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். தினம் ஒரு உடுப்பு வேண்டும். சில வீடுகள் நல்ல பருத்திப் புடவைகள் கொடுத்தன. அளவெடுத்து மூன்று சுடிதார் தைத்துக் கொடுத்தேன். பொருத்தமாக வந்தது, அந்தப் பெண்ணும் ஆசையாகப் போட்டுக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு உதவிக்கு வந்தவள் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். உள்ளே நாலு பேர். புடவை கொடுத்தவரும் அதில் ஒருவர். "அட, இது என்னோட சுங்குடியாச்சே! எவ்வளவு நல்லா தெச்சிருக்கு!" என்றார். பிரியமாகத்தான் சொன்னார், ஒரு துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னார்: "அது அந்த டிரெஸ்ஸை மடிச்சு உள்ள வெச்சிருச்சும்மா. ஏன்டீ போடலைன்னு கேட்டா, அது அவங்களுதுன்னு சொல்லுது."

மறுபடியும் பீரோவுக்குள் போய்விட்டது, வேறு வீட்டு பீரோ. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு நானும், இப்போது என்னோடு தைக்கும் இருவரும் சில ஏற்பாடுகள் வைத்துக்கொண்டிருக்கிறோம். இவை சங்கத்தின் ஏற்பாடாகவும் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தரும் துணி பொதுக் குவியலுக்குப் போகும். உங்கள் மேல்துணியும் இன்னொரு வீட்டுக் கையும் வேறொரு வீட்டுக் கரையும் சேர்ந்துதான் உடுப்பாகும். அது யாருடையது என்று யாரும் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டாவது, உடுத்தப் போகிறவர் வந்து குவியலிலிருந்து துணியையும் மாடலையும் தேர்ந்தெடுப்பார். அந்தக் கழுத்து வேண்டாம், இந்த நிறம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. கடையில் நாம் எத்தனை புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்து வருகிறோம்! அடுத்தது, தீபாவளிக்கு வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பது புதுத் துணிதான். தைத்த பழையதை அதில் கழித்துக்கொள்ளக் கூடாது. இதில் விவாதத்துக்கு இடம் இல்லை என்று நினைக்கிறேன். லிஃப்டில் யாராவது நன்றாக உடுத்தியிருந்தால், நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

தையல் கூலி பற்றியும் ஒரு வார்த்தை. நம் தெருவின் கடைசியில் ஒரு பெண் இருக்கிறார். ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்த பிறகு போக முடியவில்லை. அவருடைய கை என் கையைவிட நேர்த்தி, ஓவர்லாக்கும் தெரியும். வாரம் ஒரு நாள் இங்கே வந்து தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுக்குத் தைப்பதற்குக் கடையில் என்ன கூலியோ அதையே அவருக்குக் கொடுக்க வேண்டும். "பழைய துணிதானே, குறைச்சுக்கோம்மா" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. பழைய துணியில்தான் வேலை அதிகம். பிரிக்க வேண்டும், நைந்த இடம் தவிர்க்க வேண்டும், கரையைப் பொருத்த வேண்டும். புதுத் துணி தானாகக் கிடந்து வெட்டுப்படும். வளாகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தைக்கும் கூலியைச் சங்கத்தின் நலநிதியிலிருந்து தருவதற்குத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். பொருளாளர் முகத்தைப் பார்த்தேன், தொகை சிறியதுதான், கவலை வேண்டாம். ரசீதோடு கணக்கு நான் எழுதித் தருகிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கம்.

நடைமுறை இதுதான். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துச் சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை. என் கால் மெஷினும், பி பிளாக்கிலிருந்து வந்த ஒரு மின்சார மெஷினும் இருக்கும். உங்கள் துணியை நீங்களே தைத்துக்கொள்ளலாம், தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், நேரமில்லாதவர்கள் கூலி கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். துவைத்து உலர்த்திய துணி மட்டும் கொண்டு வாருங்கள். உள்ளாடை, கறைபட்ட துணி, கிழிந்த பெட்ஷீட் வேண்டாம். நீங்களே கையில் வாங்கத் தயங்குகிற எதுவும் வேண்டாம். ஊசி, நூல், பாபின், சாக் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். கத்தரியை மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள். அங்கே மேஜை மேல் இருக்கும் பெரிய கத்தரி என் அப்பாவுடையது, அதை யாருக்கும் இரவல் தருவதில்லை. அதில் காகிதம் வெட்டுகிறவர்களை நான் மன்னிப்பதும் இல்லை.